கோவில்பட்டிக்குப் போன வெள்ளைப் பெட்டி

வாங்க அண்ணாச்சி, உக்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இதுல உக்காருங்க. என்ன கேட்டிய? ரோட்டுல கல்யாணம் நடந்த மண்டபம் இதுதானான்னா?

ஆமா. இதுதான். இல்லன்னு சொன்னா நம்பவா போறிய? பாவூர்சத்திரத்துல எறங்கி பூரணவல்லி மஹாலு எங்கன்னு கேளுங்க, முழிப்பான். ரோட்டுக் கல்யாண மண்டபம் எங்கன்னு கேளுங்க, கையப் புடிச்சிக் கூட்டியாந்து விட்டுட்டுப் போவான். உள்ள ஏசி இருக்கு. பந்தி நடக்க தனி மாடி இருக்கு. கை கழுவுத எடத்துல ஆளுயரக் கண்ணாடி இருக்கு. அதயெல்லாம் ஒருத்தன் வாயத் தொறந்து சொல்ல மாட்டான்.

பொண்ணுக்குத்தான மண்டபம் பாக்கிய? நல்லது. அப்ப நடந்தத நானே சொல்லிருதேன். வெளிய எவனாவது கண்ணு காது மூக்கு வச்சிச் சொல்லுததுக்கு முந்தி, மேனேஜர் வாயால கேட்டுக்கிடுங்க. கேட்டுட்டு, தப்பு யாரு மேலன்னு நீங்களே சொல்லுங்க. நான் யாரையும் குத்தஞ் சொல்லுத ஆளு கெடையாது. அந்த வைஃபை மாட்ட வந்த சேவியரச் சொல்லுவேன், அது வேற. கோவில்பட்டிக்காரரச் சொல்லுவேன். அந்தப் பொண்ணையும் கொஞ்சம் சொல்லுவேன். மத்தபடி யாரையும் சொல்ல மாட்டேன்.

இந்த மண்டபம் முன்ன அரிசி மில்லு குடோனா இருந்துச்சி. ரோட்டுலருந்து பள்ளத்துல இருக்கு பாத்தியளா? செவுரு ஒவ்வொண்ணும் கோட்டைச் செவுரு. மேல தகரம், அதுக்குக் கீழதான் இந்த அலங்காரக் கூரையெல்லாம். அதனால உள்ள வந்தா எந்தப் போனும் செத்துரும். எடுத்துப் பாருங்க ஒங்க போன... இப்ப எடுக்கும், இப்ப வைஃபை இருக்கு. அப்ப எடுக்காது. எனக்கு அதுல ஒரு கொறையும் தெரியல. போனு எடுக்காத கல்யாணத்துல சொந்தக்காரன் சொந்தக்காரன்கிட்ட பேசுனான். பந்தியில எலயப் பாத்துச் சாப்பிட்டான். ஆனா முதலாளி விடல. நாயகம், பஸ் ஸ்டாண்டு பக்கத்து மண்டபத்துல வைஃபை போட்டுட்டான், நம்ம பார்ட்டியெல்லாம் அங்க போவுது, நாமளும் போட்டுருவோம்னாரு. போட்டுருவோம்னேன். முதலாளி சொன்னா நான் என்னத்தச் சொல்ல?

சேவியர்னு ஒரு பையன் வந்தான். ஏணி, டிரில்லு, நீல வயரு ஒரு சுருளு. நடு ஹால்ல சரவிளக்குப் பக்கத்துல, கூரையில ஒரு வெள்ளத் தட்ட வச்சி மாட்டினான். இட்லித் தட்டக் கவுத்து வச்ச மாதிரி இருக்கும், நடுவுல குட்டியா ஒரு நீல வெளிச்சம். அண்ணாந்து பாருங்க, அந்தா இருக்கு. நான் அவன் வரதுக்கு முந்தியே எலக்ட்ரீசியன வச்சி கூரையில ஒரு பிளக்கு பாயிண்டு போட்டு வச்சிருந்தேன். ஒரு சாமான் மாட்டணும்னா கரண்டு வேணும்லா? மேனேஜர்னா முன்கூட்டி யோசிக்கணும்லா? அந்தப் பய அதப் பாத்துட்டு சிரிக்கான். ஏணி மேல நின்னுக்கிட்டே சிரிக்கான்.

"இதுக்கு பிளக்கு வேண்டாம் அண்ணாச்சி. இந்த நீல வயருலயே நெட்டும் வரும், கரண்டும் வரும்"ங்கான்.

"ஏல, எனக்கு என்ன காது குத்துதியா? ஒரு வயருல எப்பிடில ரெண்டும் வரும்?"

"வரும் அண்ணாச்சி. கீழ ஒரு பெட்டி வைக்கேன். அதுதான் கரண்ட ஏத்திவிடும். அது..."

அது இதுன்னு என்னவோ சொல்லிக்கிட்டே போனான். அந்நேரம் பாத்து வாழ எல லாரி வந்துட்டு. எல எண்ணி எறக்கலேன்னா நாளைக்குப் பந்தியில யாரு பதில் சொல்ல? நான் லாரிக்குப் போயிட்டேன். திரும்பி வரும்போது அவன் மூட்ட முடிச்சக் கட்டிக்கிட்டு நிக்கான். "அண்ணாச்சி, எல்லாஞ் சொல்லிட்டேன்லா? எதையும் தொட்டுராதிய"ன்னான். "தொட மாட்டேன், போ"ன்னேன்.

சத்தியமாச் சொல்லுதேன், இன்னைய வரைக்கும் அந்தத் தட்ட நான் தொட்டது இல்ல. அதுல ஒட்டட கெடந்தாக்கூட கம்பு வச்சித் தட்ட விட மாட்டேன். சொன்ன சொல்லக் காப்பாத்துனவன் நான். இதக் கொஞ்சம் மனசுல வச்சிக்கிடுங்க.

மறுநா ஒரு கல்யாணம், கோவில்பட்டிப் பார்ட்டி. பொண்ணு எடுத்தது இங்கன, மாப்பிள்ள வீடு கோவில்பட்டி. பெருசு சிறுசு எல்லாம் போனத் தூக்கிக்கிட்டு மண்டபம் பூரா படம் புடிச்சிக்கிட்டு அலையுது. முதலாளிக்கு வாயெல்லாம் பல்லு. வாசல்ல போர்டு வைக்கச் சொன்னாரு: "இங்கு வைஃபை வசதி உண்டு."

அவிய கெளம்பிப் போன பெறகு, நான் எப்பவும் செய்யுத வேலயச் செஞ்சேன். அண்ணாச்சி, கல்யாணம் முடிஞ்ச மண்டபத்துல மனுசங்க என்னென்ன விட்டுட்டுப் போவாவ தெரியுமா? குடை, கண்ணாடி, வெள்ளிச் சந்தனக் கிண்ணம். ஒரு வாட்டி பல்செட்டே கெடந்துச்சி, பாயசம் குடிச்ச டம்ளருக்குள்ள. ஒரு மாமியாரு நாத்தனாரோட சண்ட போட்டுக்கிட்டு, கட்டிக்கிட்டு வந்த பட்டுச் சேலயவே விட்டுட்டுப் போயிட்டு. அதயெல்லாம் பொறுக்கி, அந்தக் கல்யாணப் பத்திரிகையில உள்ள பேரக் கத்தரிச்சி, நூலு போட்டுக் கட்டி, பீரோவுல வச்சிருவேன். பெறகு போன் போட்டுச் சொல்லுவேன். இந்த மண்டபத்துல ஒரு ஊக்கு காணாமப் போனதுன்னு ஒருத்தர் சொல்லட்டும், நான் வேலய விட்டுருதேன்.

எப்பிடிக் கண்டுபுடிப்பேன்னா, அது சுளுவு. ஆணி அடிச்சிருந்தா மண்டபத்துச் சாமான். ஆணி அடிக்காமக் கெடந்தா பார்ட்டி சாமான். அம்புட்டுதான்.

அன்னைக்கு மணமகள் அறையில பாக்கேன், கண்ணாடிக்குக் கீழ உள்ள பிளக்குல ஒரு வெள்ளப் பெட்டி சொருகிக் கெடக்கு. உள்ளங்கை அளவு. சார்ஜரு. ஆணி கெடையாது. ரெண்டு நீல வயரு அதுல வந்து மாட்டிருக்கு. பொண்ணுக ரூமுல கெடக்குத வயருக்குக் கணக்கா இருக்கு? முடி நீட்டுததுக்கு ஒரு வயரு, முடி சுருட்டுததுக்கு ஒரு வயரு. நான் பொறுமையா வயரக் கழத்திச் சுருட்டி, ரப்பர் பேண்டு போட்டு ஓரமா வச்சிட்டு, பெட்டிய மட்டும் எடுத்து, தொடச்சி, பத்திரிகைப் பேரக் கட்டி, கோவில்பட்டிக்குப் போனப் போட்டேன்.

மாப்பிள்ளையோட தாய்மாமன் எடுத்தாரு. "ஒங்க சார்ஜரு ஒண்ணு கெடக்கு அண்ணாச்சி, வெள்ளயா"ன்னேன். கொஞ்சம் யோசிச்சாரு. "வெள்ளயா? ஆமா, எங்களதுதான்"னாரு. பாருங்க, அவரு சொன்னது அது. நானா சொன்னேன்? கோவில்பட்டி போற பஸ்ஸுல கண்டக்டர்ட்ட குடுத்தேன். மஞ்சப் பையில போட்டு, கூட ரெண்டு தேங்காயும் வச்சேன், வெறும் சார்ஜரா அனுப்பினா மரியாதையா இருக்காதுன்னு. சாயந்திரம் வாங்கிட்டேன்னு தாக்கல் சொன்னாரு. எந்த மண்டபத்துல அண்ணாச்சி இப்பிடிச் செய்வான்? நீங்களே சொல்லுங்க.

அன்னையிலருந்து கூரைத் தட்டுல உள்ள நீல வெளிச்சம் எரியல. அதயும் நான் கவனிச்சேன், கவனிக்காம இல்ல. கல்யாணம் இல்லாத நாளு, அதுவும் தூங்குதுன்னு விட்டுட்டேன். ஃபேன ஆளில்லாம ஓட விடுவமா?

அதுக்கு அடுத்த முகூர்த்தம்தான் ஆவுடைச்செல்வி கல்யாணம். இங்க பக்கத்து ஊருப் பொண்ணு, நர்ஸு. அவ அண்ணன் வேலாயுதம்தான் மண்டபம் பாக்க வந்தான். ஏசியப் பாக்கல, சமையக்கட்டப் பாக்கல, வாசல் போர்டப் பாத்துட்டு நேரா உள்ள வந்தான். "வைஃபை நல்லா எடுக்குமா அண்ணாச்சி? எங்கப்பாவுக்காகத்தான் கேக்கேன்"னான்.

அப்பா பேரு சண்முகையா. துபாய்ல ஒரு லேபர் கேம்புல சமையலு. மகள் கல்யாணத்துக்குன்னு லீவு வாங்கி, துணிமணியெல்லாம் எடுத்து, பெட்டி கட்டி வச்சிட்டாராம். அவரு எடத்துக்கு வர வேண்டிய சமையக்காரனுக்கு விசா வரல. கேம்புல அத்தன ஆளுக்கும் வேற யாரு பொங்கிப் போட? லீவு இல்லன்னுட்டாங்க. கல்யாணத்தத் தள்ளி வைக்க மாப்பிள்ள வீட்டுல ஒத்துக்கிடல. செரி, போன்லயாவது பாத்துருவோம்னு முடிவு பண்ணிட்டாவ.

அவரே எனக்குப் போன் போட்டாரு. பின்னால பாத்திரம் உருளுத சத்தம். "அண்ணாச்சி, நான் பொண்ணோட அப்பன். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். தாலி ஏறுதத மட்டும் பாத்துருவனா?"ன்னாரு. எனக்கு ஒரு மாதிரி ஆயிட்டு. "நீங்க மொத வரிசையில உக்காந்து பாக்க மாதிரி பாப்பிய. நான் பொறுப்பு"ன்னேன். வாக்குக் குடுத்துட்டேன் அண்ணாச்சி. அப்பிடிக் குடுத்தவன் சும்மா இருப்பனா? கல்யாணத்துக்கு முந்தின நாளே அந்தத் தட்ட அண்ணாந்து பாத்து ஒரு கும்பிடு போட்டேன்.

விடிஞ்சா கல்யாணம். மேளம் வந்துட்டு, ஐயரு வந்துட்டாரு, பொண்ணு மணவறையில உக்காந்தாச்சி. வேலாயுதம் போன வச்சிக்கிட்டு ஹாலச் சுத்திச் சுத்தி வாரான். மூஞ்சி செத்துப் போச்சி. "அண்ணாச்சி, வைஃபை பேரே வர மாட்டேங்கு."

"அது தூங்கும் தம்பி, கல்யாணம்னா முழிச்சிக்கிடும்"னேன்.

அவன் என்னைய ஒரு பார்வ பாத்துட்டு, ரோட்டுக்கு ஓடி சேவியருக்குப் போன் போட்டான். நானும் பின்னாலயே போனேன். ரோட்டுல நல்லாவே எடுக்கும் போனு, நம்ம வாசல் ஆர்ச்சத் தாண்டி ரோட்டு ஓரத்துக்குப் போயிட்டா. ஸ்பீக்கர்ல போட்டான்.

"கீழ வெள்ளப் பெட்டியில லைட்டு எரியுதா?"ங்கான் சேவியரு.

"எந்த வெள்ளப் பெட்டி?"ன்னேன்.

"மணமகள் ரூமுல கண்ணாடிக்குக் கீழ சொருகிருந்தேன்லா அண்ணாச்சி. அதுதான மேல உள்ளதுக்குக் கரண்டு குடுக்கு."

"அதுவா! அது பத்திரமா இருக்குல. ஒண்ணும் கவலப்படாத. கோவில்பட்டியில இருக்கு."

வேலாயுதம் தலையில கைய வச்சிக்கிட்டான். சிக்னல் போயிட்டோன்னு நெனச்சேன்.

நான் ஒடனே கோவில்பட்டிக்காரருக்குப் போட்டேன். விடுவனா? "அண்ணாச்சி, அந்தச் சார்ஜரு..."ன்னு ஆரம்பிச்சேன். "அது எந்தப் போனுக்கும் சேர மாட்டேங்குவே. எம் பேத்தி அதத் தொட்டில்ல வச்சித் தாலாட்டிக்கிட்டு இருக்கா"ங்காரு. பாத்தியளா அநியாயத்த? ஒங்களது இல்லன்னா இல்லன்னு சொல்ல வேண்டியதுதான? அன்னைக்கு எம்புட்டு உறுதியாச் சொன்னாரு மனுசன்!

வேற சார்ஜரு வச்சி ஓட்டலாமான்னு சேவியர்ட்ட கேட்டேன். எங்கிட்ட பீரோவுல அம்புட்டுச் சார்ஜரு இருக்கு. சேராதாம், அதுக்குன்னு உள்ளதுதான் சேருமாம். அவன் எங்கயோ களக்காட்டுப் பக்கம் வேலையில நிக்கான், அவன் புதுசு ஒண்ணு வாங்கிக்கிட்டு வந்து சேரதுக்குள்ள பந்தியே முடிஞ்சிரும். உள்ள ஐயரு, நல்ல நேரம் போயிக்கிட்டு இருக்குன்னு சத்தம் போடுதாரு.

வேலாயுதம் போயி தங்கச்சி காதுல சொன்னான். அந்தப் புள்ள ஒரு நிமிசம் குனிஞ்ச தல நிமிரல. பெறகு எந்திரிச்சிட்டு. அண்ணாச்சி, மணவறையில உக்காந்த பொண்ணு எந்திரிக்கலாமா? நான் எத்தன கல்யாணம் பாத்துருக்கேன், பாதியில எந்திரிச்ச பொண்ண அன்னைக்குத்தான் பாத்தேன்.

"வாசல்ல சிக்னல் இருக்குல்லா? அங்க போயிக் கட்டுவோம்"னா.

மாப்பிள்ளையோட அம்மா விடுமா? "ரோட்டுலயா? நாங்க என்ன ஓடிப்போயா கட்டுதோம்?"னு ஒரே சத்தம்.

அதுக்கு இந்தப் புள்ள குரல ஒசத்தாமச் சொல்லுது: "அத்த, எனக்கு இந்தக் கழுத்துல கெடக்க நகையெல்லாம் எங்கப்பா அங்க அடுப்புல வெந்து அனுப்பினது. அவரு பாக்காம நான் கழுத்த நீட்ட மாட்டேன். கொஞ்ச நேரம் ரோட்டுல நின்னா நமக்கு என்ன கொறஞ்சி போவும்?"

எல்லாரும் மாப்பிள்ளையப் பாத்தாவ. மாப்பிள்ள மின்சார வாரியத்துல வேல, அதிகம் பேசாத ஆளு. அவன் அம்மாவப் பாத்தான். பொண்ணப் பாத்தான். குனிஞ்சி, தான் உக்காந்திருந்த பலகையத் தூக்கிக் கக்கத்துல வச்சிக்கிட்டான். "அம்மா, நீங்க அந்தத் தாலித் தாம்பாளத்த எடுத்துக்கிடுங்க"ன்னான். அம்புட்டுதான், எல்லாம் கெளம்பிட்டு.

உள்ள ஏசி ஓடுதே தாயின்னு சொன்னேன். யாரு கேக்கா?

குத்துவெளக்க அணையாம ரெண்டு பொம்பளைக கையால மறச்சிக்கிட்டுத் தூக்கிட்டுப் போறாவ. ஐயரு ஹோமத்துக் கங்க இரும்புச் சட்டியில அள்ளிக்கிட்டு, வேட்டிய மடிச்சிக் கட்டிக்கிட்டு ஓடுதாரு. மேளக்காரங்களுக்கு நடந்துகிட்டே வாசிக்கது ஒண்ணும் புதுசு இல்ல, முன்னால போயிட்டாங்க. ஹால்ல நானும் நாற்காலிகளும் ஏசியும்தான் மிச்சம். மணவறைக்கு நான் நின்னு செஞ்ச ரோஜாப்பூ அலங்காரம் அண்ணாச்சி, பாக்க ஒரு நாதி இல்ல.

ஆர்ச்சுக்கு வெளிய, ரோட்டு ஓரத்துல பலகையப் போட்டாவ. கூட்டம் ரோட்ட அடச்சிட்டு. தென்காசி பஸ்ஸு வந்து நின்னுச்சி. ஹாரன் அடிப்பான், ஏசுவான்னு நெனச்சேன். டிரைவரு எஞ்சின அணைச்சிட்டு எறங்கி வந்து அட்சதைக்குக் கைய நீட்டுதான். பின்னால ஒரு லாரி, ஒரு செங்கல் டிராக்டரு, ஸ்கூல் வேனு. எல்லாப் பயலும் எறங்கிட்டான். பத்திரிகை வைக்காத ஊரே கல்யாணத்துக்கு வந்தாப்புல ஆயிட்டு.

வேலாயுதம் போனப் போட்டான். மணி அடிச்ச ஒடனே எடுத்துட்டாரு. தலையில சமையக்காரத் தொப்பி, பின்னால ஆவி பறக்குது. பையன் போனத் தன் மூஞ்சிக்கு நேர வச்சிக்கிட்டு, "அப்பா, தெரியுதா?"ன்னான். "தெரியுது மக்கா, தெரியுது"ன்னாரு. அந்நேரம் ஐயரு, "தார வாக்க ஆளு வாங்கோ"ன்னாரு. அப்பா எடத்துல அண்ணன்தான நிக்கணும்? பையன் சுத்திப் பாத்தான். ஒருத்தி கையில வெளக்கு, ஒருத்தன் கையில அட்சதை, சித்தப்பன் பெரியப்பன் எல்லாம் வண்டிய மறிச்சிக்கிட்டு நிக்கான். சும்மா நின்னது நான்தான். நான் சும்மா நிக்கேனா, ஏசிக் கரண்டு வீணாப் போவுதேன்னு வயித்தெரிச்சல்ல நிக்கேன்.

"அண்ணாச்சி, இப்பிடியே புடிங்க. எதையும் அமுக்கிராதிய"ன்னு போன என் கையில குடுத்துட்டு ஓடிட்டான்.

எப்பிடிக் குடுத்தானோ அப்பிடியே புடிச்சேன். பொண்ணு மாப்பிள்ளைக்கு நேர போயி நின்னுக்கிட்டு, ரெண்டு கையாலயும் புடிச்சேன். சண்முகையா அண்ணாச்சி மூஞ்சி எனக்கு நேர, கண்ணாடி இல்லாமயே தெரியுத அளவுக்குப் பெருசா இருக்கு. மூலையில ஒரு சின்னக் கட்டத்துல என் மூஞ்சியும் இருக்கு, எனக்குப் பின்னால நம்ம ஆர்ச்சு, அதுல பாதி போர்டு. நல்ல வசதியாத்தான் செஞ்சிருக்கான். போனப் புடிச்சிருக்கவன் யாருன்னு அந்தப் பக்கத்துக்காரருக்குத் தெரிய வேண்டாமா?

தார வாத்து முடிஞ்சிது. ஐயரு கையத் தூக்கினாரு. கெட்டிமேளம்! காதுல வேற ஒண்ணும் விழல. போன்ல அவரு வாயி அசையுது, என்னமோ சொல்லுதாரு, கேக்கல. பெறகு ஒரு கையத் தூக்கிச் சுத்துதாரு. இப்பிடி, இப்பிடி. திருப்பித் திருப்பிச் சுத்துதாரு. எனக்குப் புரிஞ்சிபோச்சி. தகப்பன் மனசு அண்ணாச்சி! இத்தன பேரு கண்ணு முன்ன, நட்ட நடு ரோட்டுல மக ஒக்காந்திருக்கா, கண்ணு படும்லா? அம்புட்டுத் தூரத்துல இருந்துக்கிட்டு மகளுக்குத் திருஷ்டி சுத்துதாரு. கவலப்படாதிய, நான் பாத்துக்கிடுதேன்னு தலைய ஆட்டினேன். அவரு இன்னும் வேகமாச் சுத்துதாரு. நானும் இன்னும் நல்லாத் தலைய ஆட்டினேன்.

கொஞ்ச நேரத்துல கையக் கீழ போட்டுட்டாரு. என்னையே பாத்துக்கிட்டு இருந்தாரு. நான் நிமிந்து பொண்ணப் பாக்கேன், மாப்பிள்ள தாலியக் கழுத்துக்குக் கொண்டு போறான், அந்தப் புள்ள என் கையில உள்ள போனையே பாத்துக்கிட்டுக் கழுத்த நீட்டுது. என்னால முடியல. எனக்குப் பொண்ணு கெடையாது, மூணும் பயலுக. ஆனாலும் அழுதுட்டேன். தோள்ல கெடந்த துண்டால தொடைக்கலாம்னா ரெண்டு கையிலயும் போனு. கண்ணீரு பாட்டுக்கு ஓடுது, நான் பாட்டுக்கு நிக்கேன். அவரும் போனுக்குள்ள கையக் கூப்பி நிக்காரு. கண்ண மூடிட்டாரு. அட்சதை ரெண்டு மூணு போன் மேலயும் விழுந்துச்சி.

மேளம் நின்ன ஒடனே அந்தப் புள்ள ஓடி வந்து போனப் பிடுங்கிட்டு. "அப்பா, பாத்தியளாப்பா?"ங்கா.

"பாத்தேன் தாயி. நல்லாப் பாத்தேன்"னாரு.

அதுக்குப் பெறகுதான் அந்தப் புள்ள அழுதுச்சி. அது வரைக்கும் ஒரு சொட்டு விடல.

சொன்ன சொல்லக் காப்பாத்திட்டேனா இல்லியா? மொத வரிசையில உக்காந்து பாக்க மாதிரி பாப்பியன்னு சொன்னேன், அப்பிடியே பாத்துட்டாரு. ஆனா ஊர்க்காரன் என்ன பேசுதான்? நாயகம் வெள்ளப் பெட்டிய பஸ்ஸுல ஏத்திவிட்டதுனால கல்யாணம் ரோட்டுக்கு வந்துட்டுங்கான். அந்தப் பெட்டிய நான் எடுத்துப் பத்திரப்படுத்தலேன்னா வேற எவனாவது தூக்கிட்டுப் போயிருப்பான். இப்ப கோவில்பட்டியில இருக்குன்னாவது தெரியுதுலா? சேவியரு புதுப் பெட்டி கொண்டாந்தான். இந்தத் தடவ நாலு ஆணி அடிக்கச் சொன்னேன். அன்னைக்கே அடிச்சிருந்தா இந்த வம்பே இல்ல. தப்பு யாரு மேலன்னு இப்ப ஒங்களுக்கே தெரிஞ்சிருக்கும்.

கோவில்பட்டிப் பெட்டியக் கேட்டு வாங்கல. அந்தக் கொழந்த அதுக்குப் பேரெல்லாம் வச்சிட்டுதாம்.

ரோட்டுல கட்டிக்கிட்டது எனக்கு இன்னைக்கும் மனசுல கெடந்து உறுத்தத்தான் செய்யுது. இம்புட்டுப் பெரிய மண்டபத்த வச்சிக்கிட்டு! ஆனா சண்முகையா அண்ணாச்சிக்கு அதுல ஒரு வருத்தமும் இல்ல. போன மாசம் லீவுல வந்தாரு. வீட்டுக்குப் போயி பெட்டிய வச்சிட்டு, நேர இங்கனதான் வந்தாருன்னா பாத்துக்கிடுங்க. ஒரு பை நெறய பேரீச்சம்பழம். உள்ள வாங்க, மணவறையப் பாருங்கன்னு கூப்பிட்டேன். வேண்டாம்னுட்டாரு. ரோட்டுல எந்த எடம்னு காட்டச் சொன்னாரு. பலகை போட்ட எடத்தக் காட்டினேன். நான் நின்ன எடத்தயும் காட்டினேன். ரெண்டுக்கும் நடுவுல போயி நின்னாரு. பலகை போட்ட பக்கமே பாத்துக்கிட்டு ரொம்ப நேரம் நின்னாரு. வெயிலு. நானும் நின்னேன்.

அப்பறம் என் கையப் புடிச்சிக்கிட்டாரு.

"அண்ணாச்சி, ஒங்க மூஞ்சிய நான் சாவுத வரைக்கும் மறக்க மாட்டேன். ஒங்க கண்ணுல தண்ணி வந்ததப் பாத்துதான், எம் மக கழுத்துல தாலி ஏறிட்டுன்னு தெரிஞ்சிக்கிட்டேன்"னாரு.

என்ன பேச்சு பாருங்க! பொண்ணு மாப்பிள்ளைய விட்டுட்டு, மேளத்த விட்டுட்டு, போனப் புடிச்சிக்கிட்டு நின்னவன் மூஞ்சியப் பாத்துருக்காரு. எனக்குக் கூச்சமாப் போச்சி. "மக நல்லா இருக்காளா அண்ணாச்சி?"ன்னு பேச்ச மாத்தினேன்.

"நல்லா இருக்கா. அவகிட்ட மட்டும் இதச் சொல்லிராதிய. நான் எல்லாத்தயும் பாத்தேன்னே இருக்கட்டும்"னாரு.

பாத்தியளா? நான் அழுதது வெளிய தெரிஞ்சா மேனேஜருக்கு மரியாதக் கொறைச்சல்னு நெனைக்காரு. அப்பிடி ஒரு தங்கமான மனுசன். அவரு கேட்டுக்கிட்டதுனால நானும் யாருகிட்டயும் சொல்லல. ஒங்ககிட்டத்தான் மொதமொதல்ல சொல்லுதேன், நீங்களும் அந்தப் புள்ளையப் பாத்தா சொல்லிராதிய.